டொமினிக்கா: கடற்கரைக்காக அல்ல, மலைக்காகப் போக வேண்டிய தீவு
வாசகர் கேள்வி – பதில்

கரீபியன் கடலில் உள்ள குட்டி நாடான டொமினிக்காவுக்குப் போவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

? டொமினிக்காவும் டொமினிக்கன் குடியரசும் ஒன்றுதானா? இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்தே வருகின்றன.

வேறு வேறு நாடுகள். டொமினிக்கன் குடியரசு, ஹிஸ்பானியோலா தீவில் ஹெயிட்டியின் பக்கத்து நாடு. ஸ்பானிய மொழி பேசும் பெரிய நாடு. பரப்பு 48,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நீங்கள் கேட்கும் டொமினிக்கா வெறும் 750 சதுர கிலோமீட்டர். வடக்கே குவாதலூப், தெற்கே மார்ட்டினிக் என்று இரண்டு பிரெஞ்சுத் தீவுகளுக்கு நடுவில் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 70,000. ஆட்சிமொழி ஆங்கிலம், வீட்டிலும் சந்தையிலும் பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழியும் கேட்கும். 1978 நவம்பர் 3 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது.

டிக்கெட்டும் ஓட்டலும் பதிவு செய்யும்போதுதான் இந்தக் குழப்பம் கையைக் கடிக்கும். திரையில் புன்டா கானா, சான்டோ டொமிங்கோ என்ற பெயர்கள் வந்தால் நீங்கள் தவறான நாட்டில் நிற்கிறீர்கள். டொமினிக்காவின் தலைநகர் ரோசோ. பெரிய விமான நிலையம் டக்ளஸ்–சார்ல்ஸ். அதன் குறியீடு டி.ஓ.எம். தொலைபேசி எண் 1-767 என்று தொடங்கும். ஓட்டலின் எண்ணில் இந்த 767 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

? விசா வேண்டுமா? எந்த வழியாகப் போவது நல்லது?

இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா போகிறவர்களிடம் டொமினிக்கா முன்கூட்டியே விசா கேட்பதில்லை. திரும்பும் டிக்கெட்டும், தங்கும் இடத்தின் முகவரியும் கையில் இருக்க வேண்டும். மற்ற நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு விதி மாறும். விதிகள் திருத்தப்படுவதும் உண்டு என்பதால், டிக்கெட் எடுக்கும் வாரத்திலேயே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் டொமினிக்காவில் இல்லை; நடுவில் இறங்கும் ஊரில்தான். மியாமியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, 2021 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே குடியேற்றச் சோதனையைக் கடந்தாக வேண்டும். அமெரிக்க விசா இல்லாமல் அந்த வழி கிடையாது. குவாதலூப்பிலிருந்தோ மார்ட்டினிக்கிலிருந்தோ ஃபெர்ரியில் வரலாம், அழகான பயணம். ஆனால் அவை பிரான்சின் பகுதிகள் என்பதால் சாதாரண ஷெங்கன் விசா போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். போதாது. பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று அந்த விசாவிலேயே குறிப்பு இருக்க வேண்டும். இந்தியர்களுக்குச் சுலபமானது லண்டன் வழியாக பார்படோஸ் போய், அங்கிருந்து சிறிய விமானத்தில் போவது. பார்படோஸும் இந்தியர்களிடம் சுற்றுலா விசா கேட்பதில்லை. லண்டனில் இறங்கி ஏறுவதற்கான பிரிட்டன் விதியை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. டக்ளஸ்–சார்ல்ஸ் ஓடுதளம் மலைகளுக்கும் கடலுக்கும் இடையில் சிக்கிக் கிடக்கும் குறுகிய ஓடுதளம். விமானங்கள் பெரும்பாலும் பகலில்தான் இறங்கும். மழை மேகம் கவிந்தால் தாமதமாகும், சில நாள் ரத்தும் ஆகும். அதனால் திரும்பும்போது பார்படோஸில் ஓர் இரவு தங்குகிற மாதிரி இடைவெளி விடுங்கள். அதே நாளில் லண்டன் விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடுவதுதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். சிறிய விமானங்களில் பெட்டியின் எடை வரம்பும் குறைவு.

? கரீபியன் என்றால் வெள்ளை மணல் கடற்கரை என்றுதான் படங்களில் பார்க்கிறோம். இங்கே எப்படி?

அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு டொமினிக்கா போனால் ஏமாற்றம் நிச்சயம். அதற்கு பார்படோஸும் ஆன்ட்டிகுவாவும் இருக்கின்றன. டொமினிக்கா முழுவதும் எரிமலைப் பாறை. நீளம் 47 கி.மீ., அதிகபட்ச அகலம் 26 கி.மீ. அந்தச் சின்ன இடத்துக்குள் மோர்ன் டியாப்ளோட்டான் சிகரம் 1,447 மீட்டர், மோர்ன் ட்ருவா பிட்டோன் 1,342 மீட்டர் என்று நிமிர்ந்து நிற்கின்றன. இந்தச் செங்குத்துதான் இந்த நாட்டில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எங்கே மழை பெய்யும், சாலை எத்தனை வளைவு வளையும், ஓடுதளம் ஏன் குட்டை, ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்க முடியும் என்று எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் மலையில் போய் நிற்கும்.

மேற்குக் கரையில் மெரோ போன்ற கடற்கரைகளில் மணல் கரும்சாம்பல் நிறம். தண்ணீர் அமைதி, குளிக்க நல்லது. வடகிழக்கில் பாட்டிபூ போன்ற இடங்களில் பொன்னிற மணல் உண்டு. கிழக்குக் கரை அட்லாண்டிக்கைப் பார்த்தது; அலையும் நீரோட்டமும் பலம். பார்க்கலாம், நீந்த வேண்டாம். ரோசோவுக்குத் தெற்கே ஷாம்பெயின் ரீஃப் என்ற இடத்தில் கடலடிப் பிளவுகளிலிருந்து வெதுவெதுப்பான வாயுக் குமிழிகள் சரம்சரமாக மேலே வரும். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கலாம். கரை முழுக்க உருண்டைக் கற்கள், ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள்.

? கொதிக்கும் ஏரிக்குச் சாதாரண ஆட்கள் நடந்து போக முடியுமா? ஆபத்து என்கிறார்களே?

முடியும். தினமும் நடக்கும் பழக்கம், முழங்காலில் தொந்தரவு இல்லாமை, பொறுமை, இந்த மூன்றும் வேண்டும். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் என்பது சராசரிக் கணக்கு. மழையில் இன்னும் கூடும்.

பாதை ரோசோவுக்கு மேலே லௌடா கிராமத்தருகே டிட்டூ கார்ஜ் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. காலை எட்டு மணிக்குள் நடக்கத் தொடங்கிவிட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் மழைக்காட்டு நிழல். படிகள் மரக்கட்டைகளால் ஆனவை, எப்போதும் ஈரம், வழுக்கும். பிரேக்ஃபாஸ்ட் ரிவர் என்ற ஓடை வரும். தண்ணீர் நிரப்பிக்கொள்ள அதுதான் கடைசி இடம், அதைத் தாண்டினால் ஓடைகளில் கந்தகம் கலந்திருக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் கணக்கு வையுங்கள். பிறகு மோர்ன் நிக்கோல்ஸ் முகட்டுக்கு ஏற்றம். மேகம் இல்லாவிட்டால் தூரத்தில் ஏரியின் ஆவி எழும்புவது அங்கிருந்தே தெரியும்.

முகட்டிலிருந்து செங்குத்தாக இறங்கினால் வேலி ஆஃப் டெசலேஷன். ஆபத்து என்று சொல்வது இந்த இடத்தைத்தான். பச்சை முழுக்க நின்றுவிடும். மஞ்சள் படிந்த பாறை, கறுப்பும் பால்வெள்ளையுமாக ஓடும் வெந்நீர் ஓடைகள், களகளவென்று கொப்பளிக்கும் சாம்பல் நிறச் சேறு, சீறிக்கொண்டு ஆவி கக்கும் துளைகள். தரை கெட்டியாகத் தெரியும். ஆனால் சில இடங்களில் மேலே இருப்பது மெல்லிய ஓடு மட்டும்தான். கால் உள்ளே போனால் கணுக்கால்வரை வெந்துவிடும். துளைகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருடத்து வழி இந்த வருடம் செல்லாது. உள்ளூர் வழிகாட்டியைக் கட்டாயம் கூட்டிப் போகச் சொல்வது இதற்காகத்தான். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது அல்ல. வெள்ளி நகை போட்டிருந்தால் கழற்றி உள்ளே வையுங்கள், கந்தக வாயுவில் கறுத்துவிடும்.

ஏரி சுமார் 60 மீட்டர் அகலம். சுற்றிலும் செங்குத்தான சுவர், நடுவில் சாம்பல்–நீல நீர் பொங்கிக்கொண்டே இருக்கும். கரையோரத்தில் 82 முதல் 92 டிகிரி செல்சியஸ் வரை அளந்திருக்கிறார்கள், நடுவில் கொதிநிலை. அடியில் உள்ள எரிமலை ஆவித் துளையின் மேல் மழைநீரும் ஓடைநீரும் தேங்கியதால் உண்டான ஏரி இது. கீழிருந்து எழும் ஆவிதான் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. அது தளர்ந்தால் தண்ணீர் அடிப்பாறை வழியாக இறங்கிவிடும். 2004 இறுதியில் அப்படி வற்றி, பிறகு நிரம்பியது. வற்றிய சமயத்தில் பள்ளத்தில் நச்சு வாயு தேங்கும் என்பதால், ஏரி அடங்கிக் கிடந்தாலும் கீழே இறங்கக் கூடாது. முந்தின நாளே வழிகாட்டியிடம் ஏரியின் நிலையைக் கேளுங்கள்.

திரும்பி வந்ததும் டிட்டூ கார்ஜின் குளிர்ந்த நீரில் நீந்துவது வழக்கம். மேலே மலையில் மழை பெய்கிறது என்றால் மட்டும் உள்ளே போகாதீர்கள். பாறைச் சுவர்களுக்கு நடுவே வெள்ளம் வந்தால் ஏறித் தப்ப வழியில்லை.

இந்தப் பகுதி முழுவதும் மோர்ன் ட்ருவா பிட்டோன் தேசியப் பூங்கா. 1975ல் அறிவிக்கப்பட்டது, 1997ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னம் ஆனது. நுழைவுச் சீட்டு ஓர் இடத்துக்கு 5 அமெரிக்க டாலர், ஒரு வாரத்துக்கு 12 டாலர் என்பது பல வருடமாக இருந்துவரும் கணக்கு. டிராஃபால்கர் அருவி, எமரால்டு பூல் எல்லாம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வாரச் சீட்டுதான் லாபம்.

? கார் வாடகைக்கு எடுக்கலாமா, பஸ் போதுமா?

நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். சொந்த நாட்டு லைசென்ஸோடு, பார்வையாளர் பெர்மிட் ஒன்றும் வாங்க வேண்டும். கார் கொடுப்பவர்களே ஏற்பாடு செய்வார்கள். மலைச்சாலையில் ஓட்டிப் பழகியவருக்குச் சிரமம் இல்லை. கவனிக்க வேண்டியது சாலையோர வடிகால். தார் முடிகிற இடத்திலேயே ஆழமான கான்கிரீட் சாக்கடை தொடங்கும், தடுப்பு இருக்காது. எதிரே லாரி வருகிறது என்று இடப்பக்கம் ஒதுங்கும்போது சக்கரம் உள்ளே இறங்கிவிடும். முன்னால் தெரியாத வளைவில் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம்.

தூரத்தைக் கி.மீ. கணக்கில் பார்க்காதீர்கள், நேரத்தில் பாருங்கள். விமான நிலையம் வடகிழக்கு மூலையில், ரோசோ தென்மேற்கில், நடுவில் மலை. ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பஸ் என்பது இங்கே மினிவேன். நம்பர் பலகை எச் என்ற எழுத்தில் தொடங்கினால் அது பயணிகள் வண்டி. கை காட்டினால் நிற்கும். ரோசோவிலிருந்து பெரிய ஊர்களுக்குப் பகலில் தாராளமாகக் கிடைக்கும். மாலைக்கு மேல் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

? நான் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

மற்ற கரீபியன் தீவுகளைவிட இங்கே சுலபம். மண் வளமானது, சேப்பங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு, வாழைக்காய், சீமைப்பலா எல்லாம் அன்றாடச் சாப்பாடு. ராஸ்தஃபாரி என்ற கரீபியன் சமய மரபைச் சேர்ந்தவர்கள் நடத்தும் ‘ஐட்டல்’ கடைகளில் இறைச்சி பெரும்பாலும் கிடையாது, உப்பும் குறைவு. ரோசோவில் அப்படிப்பட்ட கடைகளை விசாரித்துப் போங்கள்.

ஏமாறக்கூடியது கலலூ சூப்பில். சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கடைந்த பச்சைக் கூழ் அது. பார்த்தால் நம் கீரைக் கடைசல் மாதிரியே இருக்கும். ஆனால் நண்டோ உப்பிட்ட இறைச்சியோ போடுவது வழக்கம். ‘மீட் இல்லையே’ என்று மட்டும் கேட்டால் போதாது, நண்டையும் மீனையும் அவர்கள் ‘மீட்’ கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இந்தக் கலலூதான் 2013 முதல் தேசிய உணவு. அதற்கு முன் அந்த இடத்தில் ‘மௌன்டன் சிக்கன்’ என்ற பெருந்தவளை இருந்தது. 2002ல் பரவிய பூஞ்சை நோயில் அந்த இனமே அழிவின் விளிம்புக்குப் போய்விட்டது. இப்போது அதைப் பிடிப்பது தடை.

சனிக்கிழமை காலை ரோசோ சந்தைக்குப் போய்விடுங்கள். பழமும் கிழங்கும் வாங்கி, சமையலறை உள்ள தங்குமிடத்தில் நீங்களே சமைத்துக்கொள்வது இன்னும் நிம்மதி.

? எந்த மாதம் போகலாம்? புயல் பயம் எப்படி?

பிப்ரவரி முதல் மே வரை மழை குறைவு. மலை நடைக்கு அதுதான் பருவம். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. கிழக்கிலிருந்து வரும் காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்வதால் உள்பகுதியில் வருடம் முழுக்க மழைதான். ரோசோவில் வெயில் காயும்போதே லௌடாவில் கொட்டிக்கொண்டிருக்கும்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம், அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர் மோசம். 1979 ஆகஸ்ட் 29ல் டேவிட் புயல். 2015 ஆகஸ்ட் 27ல் எரிகா. காற்றைவிட மழையும் மண்சரிவும்தான் கொன்றன, பெட்டிட் சவான் என்ற கிராமத்தையே காலிசெய்து மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டியதாயிற்று. 2017 செப்டம்பர் 18 இரவு மரியா, ஐந்தாம் வகைப் புயல். தீவின் பெரும்பாலான வீடுகளுக்குக் கூரை போயிற்று. காட்டு மரங்கள் இலையே இல்லாமல் மொட்டையாக நின்றன. காடு மறுபடியும் பச்சையாகிவிட்டது. ஆனால் நடைபாதைகளில் சில பகுதிகள் இன்னமும் அவ்வப்போது சரிந்து மூடப்படும். தெற்கே ஸ்காட்ஸ் ஹெட் முதல் வடக்கே கப்ரிட்ஸ் வரை 14 பகுதிகளாக, சுமார் 184 கி.மீ. நீளம் போகும் வைடுகுபுலி நெடும்பாதையில் நடக்க நினைப்பவர்கள், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று அங்கே போய்க் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அக்டோபர் கடைசியில் கிரியோல் இசை விழா, நவம்பர் 3 விடுதலை நாள். அந்த நாட்களில் போவதானால் அறையை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுங்கள்.

? பூர்வகுடி மக்கள் இன்னும் வாழ்கிறார்களாமே? அங்கே போகலாமா?

போகலாம், போகவும் வேண்டும். கிழக்குக் கரையில் சுமார் 3,700 ஏக்கரில் கலினாகோ மக்களின் நிலப்பகுதி இருக்கிறது. 1903ல் பிரிட்டிஷார் வரையறுத்தது. சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள். நிலம் எல்லாருக்கும் பொது. தனியாருக்குப் பட்டா கிடையாது, வெளியாருக்கு விற்கவும் முடியாது. ‘கரிப்’ என்ற பழைய பெயரை 2015ல் சட்டப்படியே ‘கலினாகோ’ என்று மாற்றிக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

மரவள்ளி ரொட்டி சுடுவதை நின்று பாருங்கள். அவர்கள் பயிரிடும் கசப்பு மரவள்ளியில் சயனைடு நஞ்சு உண்டு. அதனால் துருவிய மாவை நாரால் பின்னிய நீளமான குழாய்ப்பையில் அடைத்துத் தொங்கவிட்டு, அடிப்பக்கம் இழுப்பார்கள். பை நீள நீள, குறுகி, சாறு வடியும். உலர்ந்த மாவை அகலமான இரும்புத் தட்டில் பரப்பிச் சுடுவார்கள். லரூமா என்ற நாணலைக் கீறிக் கூடை முடைவது இன்னொரு கைத்தொழில். கறுப்புக் கோடுகளுக்குச் சாயப்பொடி கிடையாது. நாணலைச் சேற்றில் புதைத்து வைத்து எடுக்கும் நிறம் அது. சாலையோரக் கடையில் முடைந்தவரிடமே வாங்குங்கள், பேரம் பேசிக் குறைக்காதீர்கள். ஆட்களைப் படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

? பணம், மின்சாரம், உடை பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நாணயம் கிழக்குக் கரீபியன் டாலர். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்க டாலரையும் வாங்கிக்கொள்வார்கள், சில்லறை உள்ளூர்ப் பணத்தில் வரும். டாக்சியில் ‘நூறு டாலர்’ என்றால் எந்த டாலர் என்று ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு மாறும்.

மின்சாரம் நம் ஊரைப் போல 230 வோல்ட். சுவரில் பிரிட்டிஷ் பாணி சதுர மூன்று முனை பிளக். கரீபியன் என்று நினைத்து அமெரிக்க அடாப்டர் வாங்கிப் போகாதீர்கள்.

ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடை சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் சேர்த்து. தொப்பி, பை உட்பட எதுவும் அந்த டிசைனில் வேண்டாம். காட்டில் விஷப் பாம்பு இல்லை என்பது நிம்மதியான செய்தி. கொசு மட்டும் உண்டு.

? அஸ்வின் 12 விக்கெட் எடுத்த மைதானம் டொமினிக்காவில்தானே?

ஆமாம். ரோசோவின் வின்ட்சர் பார்க். 2023 ஜூலை டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் 60 ரன்னுக்கு 5, இரண்டாவதில் 71 ரன்னுக்கு 7. ஜெய்ஸ்வால் தன் முதல் டெஸ்டில் 171 அடித்ததும் அங்கேதான். மைதானம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, நடந்தே போய்ப் பார்க்கலாம்.

? திமிங்கிலம் பார்க்க எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? மொத்தப் பயணத்தையும் எப்படிப் பிரிப்பது?

திமிங்கிலத்துக்கு ஒரு அரைநாள், கூடவே கைவசம் இன்னொரு அரைநாள். மேற்குக் கரையை ஒட்டியே கடல் சட்டென்று ஆழமாகிவிடுவதால் ஸ்பெர்ம் திமிங்கிலக் குடும்பங்கள் வருடம் முழுக்க இங்கேயே இருக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை வாய்ப்பு அதிகம். படகோட்டி நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, திமிங்கிலம் எழுப்பும் ‘டிக் டிக்’ ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்டுப் படகைத் திருப்புவார். அது முக்கால் மணி நேரம்கூட அடியில் இருக்கும். மேலே வந்து மூச்சு வாங்குவது பத்து நிமிடம்தான். எனவே காத்திருக்கத் தயாராகப் போங்கள். வாந்தி வருபவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. கூட நீந்த வேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும்.

மொத்தம் ஏழு இரவு இருந்தால் நான்கை ரோசோ பக்கமும் மூன்றை வடக்கே போர்ட்ஸ்மத்திலும் வையுங்கள். தினமும் மலையைக் கடந்து போய்வருவதைவிட இது மேல். வந்த மறுநாளே கொதிக்கும் ஏரிக்குக் கிளம்பாதீர்கள். நம் நேரத்துக்கும் அங்கத்திய நேரத்துக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம், கால் சொன்னபடி கேட்காது. முதல் நாள் டிராஃபால்கர் அருவியும் வாட்டன் வேவன் வெந்நீர்க் குளமும் போதும். ஏரி மூன்றாம் நாள். நான்காம் நாள் உடம்பு வலிக்கும், அன்றைக்குத் திமிங்கிலப் படகு. ஐந்தாம் நாள் எமரால்டு பூல், கலினாகோ பகுதி வழியாக வடக்கே போங்கள்.

போர்ட்ஸ்மத்தில் இந்தியன் ரிவரில் துடுப்புப் படகுதான், மோட்டாருக்கு அனுமதியில்லை. காலை ஏழு மணிக்கே போனால் கூட்டம் இருக்காது. கப்ரிட்ஸ் முனையில் ஷெர்லி கோட்டையை மாலையில் பாருங்கள். சிண்டிகேட் காட்டுப்பாதைக்கு ஒரு விடியற்காலையை ஒதுக்குங்கள். தேசியக்கொடியில் ஊதா நிறத்தில் இருக்கும் சிசெரூ கிளி உலகில் இந்தத் தீவில் மட்டும்தான் உண்டு. அதைப் பார்க்க வாய்ப்புள்ள இடம் அது. சிவப்புக் கழுத்து ஜாக்கோ கிளி பெரும்பாலும் கண்ணில் படும், சிசெரூ அபூர்வம். போர்ட்ஸ்மத்திலிருந்து விமான நிலையம் ரோசோவைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. கடைசி இரவுகளை அங்கே வைக்கச் சொன்னது அதற்காகவும்தான்.